தோட்டத்து எல்லையில் நின்றுவிடும் பொதுப்பணம்

கேள்வி கேட்டவர் இரண்டு விடயங்களை ஒன்றாகக் கேட்டிருக்கிறார். அபிவிருத்திக்கும் சமாதானத்தைக் கட்டியெழுப்புவதற்கும் என்று இவ்வளவு நிதி செலவிடப்பட்டும் வளர்முக ஜனநாயக நாடுகளில் ஆட்சிமுறை ஏன் சீர்பெறுவதில்லை என்பது முதலாவது. இலங்கையில் யுத்தமே நடவாத தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் சமாதானத்தைக் கட்டியெழுப்புவதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்பது இரண்டாவது. இரண்டையும் சேர்த்து வாசித்தபோது அவருடைய ஐயம் ஒன்றே என்று எனக்குப் பட்டது. பொதுப்பணம் ஒரு குடும்பத்தின் வாசல்வரை வருவதற்கு எத்தனை கைகளைக் கடக்கவேண்டியிருக்கிறது, அந்தக் கைகளில் எதையாவது அந்தக் குடும்பம் உரிமையோடு கேள்வி கேட்க முடியுமா என்பதைத்தான் அவர் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் உள்ளூராட்சி நிதி நிருவாகத்திலும், பின்னர் கிராமப்புற உள்ளூராட்சி மன்றங்களான பிரதேச சபைகளின் உறுப்பினர்களுக்கான பயிற்சிகளிலும் நெடுங்காலம் ஈடுபட்டிருந்தவன் என்ற வகையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் போதாமை உண்மையான பிரச்சினைதான். ஆனால், அதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது. தான் வாக்களித்துத் தெரிவு செய்த சபையிடம், தனக்கு உரிய பொதுச் சேவையைக் கேட்டுப் பெறும் வழி மலையகத் தோட்டங்களில் வாழும் மக்களுக்குப் பல தசாப்தங்களாகச் சட்டத்தாலேயே அடைக்கப்பட்டிருந்தது. அந்த வழி அடைபட்டிருக்கும்வரை மேலிருந்து வரும் எந்த நிதியும் யாரோ ஒருவரின் தயவாகவே வந்து சேரும். தயவாக வந்த பணம் நன்றிக்கடனை வளர்க்குமே தவிர, அரசின் மீது நம்பிக்கையை வளர்க்காது.

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். மலையகம் யுத்தகளமாக இருக்கவில்லை என்பது சரி. ஆனால், வன்முறையிலிருந்து அது தப்பியிருந்தது என்று எவரும் எண்ணிவிடக்கூடாது. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் தோட்ட லயங்களையும் (தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளையும்) மலையக நகரங்களின் கடைத்தெருக்களையும் தாக்கின. அவற்றுக்கு அஞ்சி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் குடிபெயர்ந்த குடும்பங்கள் பின்னர் அங்கே யுத்தத்துக்குள் சிக்கின. 2000 ஒக்டோபர் 25 அன்று பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்கள் கும்பலொன்றால் கொல்லப்பட்டபோது, அதன் கொந்தளிப்பு மலையக நகரங்களுக்கும் பரவியது. அந்த வழக்கில் மேல் நீதிமன்றம் குற்றவாளிகளாகக் கண்டவர்களை 2005 இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னும் ஆழமான ஒரு காயம் இருக்கிறது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமும் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கின. 1947 இல் பாராளுமன்றத்துக்கு ஏழு உறுப்பினர்களை இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஊடாக அனுப்பிய ஒரு சமூகம், அதற்கு அடுத்த பொதுத் தேர்தலில் வாக்குச்சீட்டே இல்லாமல் நின்றது. 1964 இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரின் தலைவிதியை அவர்களைக் கேளாமலே பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதியைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மீதி 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. 1988, 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வந்த பின்னரே நாடற்ற நிலை சட்டப்படி முடிவுக்கு வந்தது. சமாதானத்தைக் கட்டியெழுப்புவது என்பது துப்பாக்கி ஓய்ந்த இடத்தில் செய்யும் வேலை மட்டும் அன்று. ஒரு மக்கள் கூட்டத்துக்கும் அரசுக்கும் இடையில் முறிந்த உறவை மீண்டும் பொருத்துவதும் அதற்குள் அடங்கும். அந்த அளவுகோலில் பார்த்தால் மலையகத்தில் வேலை நிறையவே எஞ்சியிருக்கிறது.

இனி நிதிக்கு வருகிறேன். 1930 களின் இறுதியில் கிராமசபைகளுக்கான வாக்குரிமையிலிருந்தே இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர் விலக்கப்பட்டார்கள். அன்று முதல் தோட்டம் என்பது உள்ளூராட்சிக்குள் இருந்தும் இல்லாத ஓர் இடமாயிற்று. வீடு, தண்ணீர், மருந்து, பிள்ளை மடுவம் (குழந்தைப் பராமரிப்பு நிலையம்), பாதை எல்லாமே தோட்ட நிருவாகத்தின் பொறுப்பு. பிரச்சினை என்றால் போய் நிற்கவேண்டிய இடம் துரையின் (தோட்ட முகாமையாளரின்) அலுவலகம். 1972, 1975 ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையானபோதும் 1992 இல் அவற்றின் முகாமைத்துவம் தனியார் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கைமாறியபோதும் இந்த ஏற்பாடு அடிப்படையில் மாறவில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், கிராமங்களுக்கு அருகில் மக்கள் தெரிவு செய்யும் ஆட்சி ஒன்றைக் கொண்டுவந்தது. ஆனால், அதன் 33 ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபை தன் நிதியைச் செலவிடுவதற்குப் பெருந்தடையாக நின்றது. தோட்ட மக்கள் பிரதேச சபைக்கு வாக்களித்தார்கள். அவர்களில் பலர் உறுப்பினர்களாகவும் தவிசாளர்களாகவும் ஆனார்கள். இருந்தும், தமக்கு வாக்களித்த லயத்துக்கு முன்னால் ஒரு கானை (வடிகாலை) கட்டிக்கொடுக்க அந்தத் தவிசாளருக்கு அதிகாரம் இருக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இது நீடித்தது. இதைவிடத் தெளிவான ஓர் ஆட்சிமுறைக் குறைபாட்டை எந்தப் பாடநூலிலும் தேடவேண்டியதில்லை.

2018 இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. பிரதேச சபைகள் தோட்ட மக்களுக்கும் பாதை, கிணறு முதலிய பொது வசதிகளைச் செய்துகொடுக்க வழி பிறந்தது. அத்திருத்தத்துக்காகப் பல ஆண்டுகள் குரல்கொடுத்தவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். அது சிறிய வெற்றி அன்று. ஆனாலும், தோட்ட நிருவாகத்தைக் கடந்து சபை தானாகச் செயற்பட அத்திருத்தம் முழுமையாக இடம் தரவில்லை. அது நடைமுறையில் என்னவாகிறது என்பதை ஒரு பாதையின் கோப்பைக் கொண்டு விளக்குவது நல்லது. பிரதான வீதியிலிருந்து மேற்பிரிவு லயங்களுக்கு ஏறும் பாதை மழையில் அரித்துப் போயிருக்கிறது. பிரசவ வலி கண்ட பெண்ணைக் கொழுந்து லொறியில்தான் ஏற்றிக்கொண்டு இறங்கவேண்டும். வட்டார உறுப்பினர் சபையில் பிரேரணை கொண்டுவருகிறார், எல்லோரும் ஏற்கிறார்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் போய் நாடா பிடித்து அளந்து மதிப்பீடு தயாரிக்கிறார். அந்தப் பாதை சபையின் பதிவேட்டில் இல்லை, தோட்டத்தின் வரைபடத்தில்தான் இருக்கிறது. ஆகவே முகாமையாளருக்குக் கடிதம் போகிறது. அவர் அதைக் கம்பனியின் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறார். காணியோ கம்பனிக்கே சொந்தமானதன்று. நீண்டகாலக் குத்தகையில் இருப்பது. உரிமை அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமோ ஜனவசம என்ற மற்றொரு அரச தோட்ட நிறுவனத்திடமோ இருக்கிறது. சம்மதக் கடிதம் வந்து சேரும்போது ஒக்டோபர் ஆகிவிடுகிறது. விலைமனு கோரி, ஒப்பந்தகாரரைத் தெரிந்து, அவர் கல்லும் மணலும் ஏற்றும் வேளையில் வடகீழ்ப் பருவமழை பிடித்துக்கொள்கிறது. டிசம்பர் 31 உடன் ஒதுக்கீடு காலாவதியாகிறது. அந்த ஆண்டின் கணக்கறிக்கையைக் கொழும்பில் இருந்து வாசிப்பவருக்கு, மலையகச் சபைக்குப் பணத்தைச் செலவிடும் திறமை இல்லை என்றுதான் தோன்றும்.

இந்தக் கோப்பில் எவரையும் தனியே குற்றவாளியாக நிறுத்த முடியாது என்பதைக் கவனியுங்கள். உறுப்பினர் தன் கடமையைச் செய்தார், உத்தியோகத்தர் விதியைப் பின்பற்றினார், முகாமையாளர் தன் அதிகார எல்லைக்குள் நின்றார். ஆனால், பாதை வரவில்லை. ஆட்சிமுறைச் சீர்கேடு என்றால் உடனே இலஞ்சத்தையும் ஊழலையும்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எனினும், இப்படி எவரும் திருடாமலே மக்களுக்கு எதுவும் வந்து சேராத நிலைதான் வறிய நாடுகளின் உள்ளூராட்சியில் அன்றாடம் நடப்பது. விசாரணைக் கமிஷனால் அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

பிரதேச சபையின் சொந்த வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்கவேண்டும். மதிப்பீட்டு வரி, வியாபார அனுமதிப்பத்திரக் கட்டணம், கடைகளின் வாடகை, மாகாணத்தின் ஊடாகக் கிடைக்கும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும், பெருங்காணிகளுக்கான ஏக்கர் வரி ஆகியவையே முக்கியமானவை. மலையகச் சபை ஒன்றின் எல்லைக்குள் நிலத்தின் பெரும்பகுதி தேயிலை. அந்த நிலத்திலிருந்து சபைக்குக் கிடைக்கும் ஏக்கர் வரியோ அந்த நிலத்தின் விளைச்சலோடு ஒப்பிட்டால் மிக அற்பமானது. லய அறைக்கு மதிப்பீட்டு வரி இல்லை, ஏனெனில் அது குடியிருப்பவரின் சொத்தன்று. காணி கைமாறாத இடத்தில் முத்திரைத் தீர்வையும் இல்லை. ஆகவே, சனத்தொகை மிகுந்த ஒரு சபை வருமானத்தில் மிக வறிய சபையாக இருக்கிறது. காணி உரித்தும் வீட்டு முகவரியும் ஒரு குடும்பத்தின் மானப் பிரச்சினை என்று சரியாகவே பேசப்படுகின்றன. அவை உள்ளூராட்சியின் வருமானப் பிரச்சினையும் ஆகும் என்பது போதிய அளவு பேசப்படுவதில்லை. காணியோடு தனிவீடு கட்டும் திட்டங்கள் நடக்கின்றன. இந்திய அரசின் நன்கொடையில் 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் 10,000 வீடுகளும் அவற்றில் அடங்கும். வீட்டோடு உறுதிப்பத்திரமும் முறையாகக் கைக்கு வரும்போதுதான் அந்தக் குடும்பம் வரி செலுத்தி, அந்த வரிக்குக் கணக்குக் கேட்கும் இறையிறுப்பாளராகிறது. வீட்டைத் திறந்து வைக்கும் விழா முடிந்தபின் பத்திரம் எங்கே என்று தேடித் திரியும் நிலை அந்த வாய்ப்பைப் பாழாக்குகிறது.

சொந்த வருமானம் இல்லாத சபை வெளியிலிருந்து வரும் பணத்தை நம்பியிருக்கிறது. நிதி ஆணைக்குழுவின் சிபாரிசின்படி மாகாணங்களுக்கு வரும் மானியங்கள் ஒரு வழி. அமைச்சுகளின் விசேட திட்டங்கள் இன்னொரு வழி. 1974 இல் தொடங்கிய பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டத்தின் கீழ்ப் பாராளுமன்ற உறுப்பினர்களின் சிபாரிசில் செலவிடப்படும் பணம் மற்றொன்று. தோட்ட வீடமைப்புக்கும் சுகாதாரத்துக்கும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் இருக்கிறது. பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அதிகாரசபையும் 2018 இல் சட்டத்தால் உருவாக்கப்பட்டது. இவற்றோடு வெளிநாட்டு உதவியில் நடக்கும் கருத்திட்டங்கள். ஒரே பிரிவுக்குள் இத்தனை நிறுவனங்கள் வேலை செய்யும்போது, எந்த வேலைக்கு எவர் பொறுப்பு என்பதை அங்கே வாழ்பவர் சொல்ல முடியாது. ஒரு கொங்கிரீட் பாதை மூன்று துண்டுகளாக, மூன்று நிதியில், மூன்று பெயர்ப்பலகைகளோடு போடப்பட்டிருப்பதை மலையகத்தில் பயணம் செய்பவர் எவரும் காணலாம். நடுத்துண்டு உடைந்தால் திருத்துவதற்கு நிதி வைத்திருப்பவர் ஒருவரும் இல்லை. கட்டுவதற்குப் பணம் தருபவர் பலர். பராமரிப்பதற்குத் தருபவர் இல்லை. எல்லா வளர்முக நாடுகளிலும் பொதுநிதியின் நிரந்தர நோய் இதுவே என்று நான் கருதுகிறேன்.

பாராளுமன்ற உறுப்பினரின் சிபாரிசில் வரும் பணத்தைப் பற்றி என் கருத்து கடுமையானது. அந்தப் பணத்தால் பல நல்ல வேலைகள் நடந்திருக்கின்றன. கோயில் மண்டபமும் வாசிகசாலையும் கட்டப்பட்டிருக்கின்றன. ஆனால், அது வாக்காளரைக் கேட்பவராக வைத்திருக்காமல் மனுக் கொடுப்பவராக மாற்றிவிடுகிறது. பதுளைப் பகுதித் தோட்டமொன்றின் பிள்ளை மடுவத்தில் நடந்த வரவு செலவுக் கலந்துரையாடலில், கொழுந்து நிறுத்துவிட்டுக் கூடையோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எழுந்து, "ஐயா, இந்தப் பாதைய யாரு குடுத்தாங்கன்னு பலகையில இருக்கு. நாங்க கட்டின பணத்துல எம்புட்டு அதுல இருக்குன்னு ஏன் எழுதல?" என்று கேட்டார். சீனி வாங்கும்போதும் பஸ்ஸில் ஏறும்போதும் தாம் வரி கட்டுகிறோம் என்பதை அன்றுதான் அந்தக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லியிருந்தோம். வரி பற்றிய ஒரு மணி நேர விளக்கத்தின் பயனை அந்த ஒரு கேள்வி காட்டியது. சமாதானத்துக்கான பயிற்சிகளில் இப்படிப்பட்ட பாடத்துக்கு இன்னும் அதிக இடம் வேண்டும்.

அடுத்து, பணத்தைக் கொண்டே ஜனநாயகத்தை நிறுத்திவைக்கவும் முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே அண்மைய உதாரணம் இருக்கிறது. 2018 பெப்ரவரியில் தெரிவான உள்ளூராட்சிச் சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அதே மாதம் 9 ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தல், திறைசேரி பணம் விடுவிக்காததால் நடக்கவில்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திய நாட்டில் பணமுடை இருந்தது உண்மைதான். ஆனால், 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம், அந்தத் தேர்தலை நடத்தாமல் விட்டதன் மூலம் மக்களின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்தது. நிதி அமைச்சராகவும் இருந்த அன்றைய ஜனாதிபதி உட்படப் பொறுப்பானவர்களை அத்தீர்ப்பு சுட்டிக்காட்டியது. தேர்தல் 2025 மே 6 அன்றுதான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் சபைகளை அதிகாரிகளே நடத்தினார்கள். அவர்களில் மிக நேர்மையானவர்கள் இருந்தார்கள் என்பதை நான் அறிவேன். ஆயினும், எவ்வளவு நேர்மையான செயலாளராலும் லயத்துக்குப் போய் "உங்கள் பாதையை இந்த ஆண்டு விட்டுவிட்டோம், காரணம் இது" என்று சொல்லவேண்டிய கட்டாயத்துக்குள் தன்னை வைத்துக்கொள்ள முடியாது. அடுத்த தேர்தலில் அதே மக்கள் முன்னால் வந்து நிற்கவேண்டியவருக்கே அந்தக் கட்டாயம் இருக்கிறது. மாகாண சபைகளின் நிலை இன்னும் மோசம். 2019 க்குப் பின்னர் ஒன்பது மாகாணங்களில் எதிலும் தெரிவு செய்யப்பட்ட சபை இல்லை. பிரதேச சபைக்கு மானியத்தைப் பங்கிடும் மட்டத்தில் மக்களின் பிரதிநிதி ஒருவரும் இல்லாமல் இத்தனை ஆண்டுகள் கடந்துபோயிருக்கின்றன.

பொறுப்பு சிதறிக் கிடப்பதன் விலை உயிராகவும் இருக்கலாம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை எழுத்தில் இருந்தது. மக்களை அங்கிருந்து எழுப்பி, வேறிடத்தில் காணி கொடுத்து, வீடு கட்டுவது எவருடைய பணத்தில், எவருடைய உத்தரவில் என்பதற்குத்தான் விடை இருக்கவில்லை. காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, வீடமைப்பு இன்னொரு நிறுவனத்தினது, அனர்த்த முகாமைத்துவம் வேறொன்றினது. பிரதேச சபைக்கோ அந்நாளில் தோட்டத்துக்குள் செலவிட வழியே இல்லை. அரச நிருவாகத்தைப் படிக்கும் மாணவர் எவரும் இந்த ஒரு நிகழ்வை முழுமையாகப் படித்தாலே போதும் என்று நான் வகுப்புகளில் சொல்வதுண்டு.

இனி நிச்சயமாகச் சொல்லக்கூடியதற்கும் ஐயத்துக்குரியதற்கும் இடையில் ஒரு கோடு போடவேண்டும். சட்டம் அனுமதிக்காத இடத்துக்கு நிதி போகாது என்பது நிச்சயம். ஆண்டின் கடைசிக் காலாண்டில் வரும் ஒதுக்கீடு பெரும்பாலும் அவசர வேலையாக முடிகிறது என்பதும் கணக்காய்வு அறிக்கைகளை வாசிக்கும் எவருக்கும் தெரிந்ததே. மொழியும் அப்படித்தான். 1987 இன் 13 ஆம் திருத்தமும் 1988 இன் 16 ஆம் திருத்தமும் தமிழுக்கு அரசகரும, நிருவாக மொழி அந்தஸ்தைத் தந்தன. 1999 இல் நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. இருந்தும், தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் வரும் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு மொழி தெரிந்தவரைத் தேடிப் போகவேண்டிய நிலை அரச அலுவலகத்தின் மீதான நம்பிக்கையைக் குறைக்கிறது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

அதிகாரத்தையும் நிதியையும் கீழே பகிர்ந்தால் இன முரண்பாடு தணியும் என்பது அவ்வளவு நிச்சயமானதன்று. மற்ற நாடுகளின் அனுபவம் இரு பக்கமும் பேசுகிறது. உள்நாட்டு யுத்தத்துக்குப் பின் நேபாளம் 2015 அரசியலமைப்பின் கீழ் 753 உள்ளூர் அரசுகளை உருவாக்கி 2017 இல் தேர்தலும் நடத்தியது. அங்கே கிராமத்துக்கு அருகில் அதிகாரம் வந்தது, ஆனால் தராய்ப் பிரதேசத்து மதேசி மக்களின் மனக்குறை அதனால் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. இந்தோனேசியாவின் ஆச்சேயில் 2005 ஹெல்சின்கி சமாதான உடன்படிக்கைக்குப் பின்னர் 2008 முதல் விசேட சுயாட்சி நிதி பெருமளவில் வழங்கப்பட்டது. சமாதானம் நிலைத்திருக்கிறது, ஆனால், அவ்வளவு பணம் போயும் ஆச்சே சுமாத்திராவின் வறிய மாகாணங்களில் ஒன்றாகவே இருந்துவருகிறது. பணம் முன்னாள் போராளித் தலைவர்களையும் ஒப்பந்தகாரர்களையும் அமைதிப்படுத்தியது, சாதாரண மக்களுக்குக் குறைவாகவே போய்ச்சேர்ந்தது என்று விமர்சிப்பவர்கள் உள்ளனர். நமக்குக் கிட்டிய உதாரணம் கேரளம்: 1996 இல் மக்கள் திட்டமிடல் இயக்கத்தைத் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளூராட்சிக்கு ஒதுக்கப்பட்டது. ஆனால், அங்கே ஏற்கெனவே எழுத்தறிவும் காணிச் சீர்திருத்தமும் இருந்தன. அந்த அடித்தளம் இல்லாத இடத்தில் அதே திட்டத்தை அப்படியே நட்டால் வளரும் என்று எவரும் உறுதி கூற முடியாது.

நமது பகுதியிலேயே ஐயத்துக்குரிய ஒன்று இருக்கிறது. நுவரெலியா மாவட்டத்தில் அம்பகமுவ, நுவரெலியா ஆகிய இரண்டு பிரதேச சபைகள் மிகப் பெரியவையாக இருந்தன. அவற்றின் பிரதேச செயலகப் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தார்கள். அவற்றைப் பிரித்து மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகள் உருவாக்கப்பட்டு 2018 இல் தேர்தலும் நடந்தது. மிக நியாயமான கோரிக்கை அது. இத்தனை பேருக்கு ஒரு சபை என்பது எந்த வகையிலும் பொருந்தாது. ஆனால், எல்லை போடும்போது சில இடங்களில் சிங்களக் கிராமத்தவர்கள் தாம் புதிய சபையில் சிறுபான்மையாகிவிடுவோமோ என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்தை இனவாதம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. தமிழ்த் தவிசாளரின் கீழ் தம் கிராமத்துப் பாலம் கட்டப்படுமா என்று அவர்கள் கேட்டது, இத்தனை ஆண்டுகளாக நாம் கேட்டுவந்த அதே கேள்வி. புதிய சபை அவர்களுக்கு முதல் ஆண்டிலேயே என்ன செய்தது என்பதைப் பொறுத்து அந்த உறவு அமைகிறது. அதைச் சரியாகச் செய்த சபைகளையும் கண்டிருக்கிறேன், அலட்சியப்படுத்திய சபைகளையும் கண்டிருக்கிறேன். புதிய சபைகள் மக்களுக்கு நெருங்கியிருக்கின்றன என்பது உண்மை. ஊழியரும் கட்டடமும் இயந்திரமும் இன்றி ஆரம்பித்ததால் சேவை மேம்பட்டதா என்பதை இப்போதே தீர்மானிப்பது அவசரம். 2018 இல் நாடெங்கும் உறுப்பினர் தொகை ஏறத்தாழ இரு மடங்கானது, சபைகளின் வருமானம் அவ்வாறு பெருகவில்லை. பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீட்டை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அதனால் வந்த பெண் உறுப்பினர்கள் தண்ணீரையும் பிள்ளை மடுவத்தையும் விடாமல் பேசினார்கள். ஆயினும், வரவு செலவை வரையும் மேசையில் அவர்களுக்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்பது சபைக்குச் சபை வேறுபட்டது.

சமாதானக் கருத்திட்டங்களில் எது வேலை செய்கிறது என்பதையும் சொல்லவேண்டும். நகர மண்டபத்தில் இரு இனத்தவரையும் ஒருநாள் அமரவைத்து, மதிய உணவு கொடுத்து, குழுப்படம் எடுத்து அனுப்பும் பட்டறைகளால் தீமை இல்லை, நன்மையும் குறைவு. இதற்கு மாறாக, மேலே தோட்டத்தில் ஊற்று, கீழே கிராமத்தில் தாங்கி என்று அமைந்த குடிநீர்த் திட்டமொன்று ஊவாவில் எனக்கு நன்கு தெரியும். ஊற்றைச் சுற்றி எவரும் மருந்தடிக்கக்கூடாது என்பது கிராமத்தின் தேவை. கோடையில் லயத்துக்கும் தண்ணீர் வரவேண்டும் என்பது தோட்டத்தின் தேவை. இரண்டு பக்கத்திலிருந்தும் தெரிவானவர்கள் ஒரே குழுவாக, ஒரே வங்கிக் கணக்கில் மாதக் கட்டணத்தைச் சேர்த்து, குழாய் உடைந்தால் அதிலிருந்து எடுத்துத் திருத்துகிறார்கள். காசோலையில் ஒரு தமிழரும் ஒரு சிங்களவரும் சேர்ந்து கையெழுத்திடவேண்டும் என்பது அவர்களே வைத்துக்கொண்ட விதி. ஊரில் பதற்றம் ஏற்பட்ட நாட்களில், முதலில் ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைத்தவர்கள் இந்தக் கையெழுத்துக்காரர்கள். இதிலிருந்து பெரிய கோட்பாடு எதையும் நான் கட்டவில்லை; சிறு நிதியாயினும் இருவரும் கூட்டாகக் கணக்குக் காட்டவேண்டிய நிதி உறவை உண்டாக்குகிறது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

என் அனுபவத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கும், இராணுவம் பிடித்த காணிகளுக்கும், இழப்பீட்டுக்கும் மேற்சொன்ன எதுவும் பதிலாகாது. அங்கே நீதி முதலில் வரவேண்டும்; பிரதேச சபையின் வரவு செலவால் அதை ஈடுசெய்ய முடியாது. அவ்விடயத்தில் அங்கே வேலை செய்தவர்கள் எழுதுவதைப் படியுங்கள். மலையகத்தைப் பற்றி மேலும் ஆராய விரும்பினால், கொழும்பு அறிக்கைகளிலிருந்து தொடங்காமல் ஏதேனும் ஒரு பிரதேச சபையைத் தெரிந்துகொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. சபைகளும் அதற்குக் கட்டுப்பட்டவை. கடந்த மூன்று ஆண்டுகளின் வரவு செலவுத் திட்டத்தையும், அதில் தோட்டப் பகுதிக்கு ஒதுக்கப்பட்ட தொகை, உண்மையில் செலவான தொகை ஆகியவற்றையும், தோட்ட நிருவாகங்களுக்கு அனுப்பிய சம்மதக் கோரிக்கைகளுக்குப் பதில் வந்த திகதிகளையும் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். ஒதுக்கீட்டுக்கும் செலவுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தையும் அந்தத் திகதிகளையும் ஒரே தாளில் பக்கத்துக்குப் பக்கம் எழுதிப் பாருங்கள். பணம் எந்த இடத்தில் நின்றுபோனது என்பது அதில் தெரியும்.